பட்டையின் மேல் சின்னம்

ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை எப்படி வேலை செய்கிறது என்று பிரைசன் ஹோல்கமுக்கு மூன்று முறை விளக்கினேன். மூன்று முறையும் தலையாட்டினான். தலையாட்டுவது அவனுக்கு நன்றாக வரும். அதைப் பார்த்துத்தான் மாணவர் பேரவையில் அவனை நிதிக்குழுத் தலைவனாக்கியிருக்க வேண்டும்.

எங்கள் கல்லூரியின் அச்சுப் பட்டறை பத்தொன்பது வருடமாக என் பொறுப்பில் இருக்கிறது. சட்டைகள், பெயர்ப்பலகைகள், கார் நிறுத்துமிடப் பலகைகள் எல்லாம் நான் போட்டுத் தருபவை. எங்கள் ஊர் தெற்கு ஒஹையோவில் ஒரு மலைச்சரிவில் இருக்கிறது. ஹாலோவீன் இரவில் கடைவீதியை அடைத்து, பேயும் எலும்புக்கூடுமாக வேடம் போட்டுப் பத்தாயிரம் பேர் கூடுவார்கள். விடுதிகளிலிருந்து கடைவீதிக்குப் போக மில் ரோடு வளைவைக் கடந்தாக வேண்டும். அங்கே விளக்குக் கம்பம் இல்லை. கார்களோ மேலேயிருந்து இறங்கி வரும்.

அந்த வளைவில் காரை நிறுத்தி ஆட்களைக் கடக்கவிடுவது, தள்ளாடுகிறவர்களை விடுதிக்குக் கூட்டிப் போவது, தண்ணீர் கொடுப்பது என்று நாற்பது மாணவர்கள் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். இரவு ரோந்து என்று பெயர். தலைவி ஓடெட் மார்ஷ், நிலவியல் மூன்றாம் ஆண்டு.

போன வருடம் அவளுக்குப் பக்கத்தில் நின்ற டோபின் என்ற பையனை ஒரு கார் இடித்துவிட்டது. காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. ஓட்டியவர் குடிக்கவில்லை, வேகமாகவும் வரவில்லை. கருநீலக் கம்பளிச் சட்டை போட்டிருந்த டோபினைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதனால் இந்த வருடம் ஓடெட் பேரவையிடம் பணம் கேட்ட விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதினாள்: ஒளிரும் பட்டை இல்லாமல் அந்த வளைவில் ஒருவரையும் நிறுத்த மாட்டேன்.

நிதிக்குழுவில் அந்த முதல் வரியைப் படித்தவர் யாருமில்லை.

அச்சுக்கூலி சொல்வதற்காக என்னையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நீள மேஜை, ஏழு பேர், நான்கு பீட்சா. டார்ச் கறுப்பில் வாங்குவதா மஞ்சளில் வாங்குவதா என்று இருபத்தைந்து நிமிடம் பேசினார்கள். கறுப்பு டார்ச்சை இருட்டில் கீழே போட்டால் எப்படித் தேடுவது என்று ஓடெட் கேட்ட பிறகு, அதற்கு ஒரு ஓட்டெடுப்பும் நடந்தது. கறுப்பு வென்றது.

பிறகு ஓடெட் மாதிரி மேலங்கி ஒன்றை மேஜைமேல் விரித்தாள். பச்சை வலைத்துணி, மார்பிலும் முதுகிலும் சாம்பல் நிறப் பட்டை.

"இதுவா ஒளிரும்? பழைய பாத்திரம் மாதிரி இருக்கு," என்றான் பிரைசன். விளக்கை அணைக்கச் சொல்லி, அறைக்கு மறுகோடியில் இருந்த ஒரு பெண்ணின் கையில் டார்ச்சைக் கொடுத்தான். "அடி பாப்போம்... எங்க? ஒண்ணும் தெரியலையே. இதுக்கா நாம காசு குடுக்கணும்?"

"நீங்க பாக்குற இடம் தப்புப்பா," என்றேன். "டார்ச்சை வாங்கி உங்க கண்ணுக்குப் பக்கத்துல வெச்சு அடிங்க."

இதுதான் நான் மூன்று முறை சொன்ன விஷயம். அந்தப் பட்டையில் மாவுபோல நுண்ணிய கண்ணாடி மணிகள் பதிந்திருக்கின்றன. ஒளி ஒரு மணிக்குள் நுழையும்போது வளைந்து, பின்சுவரில் பட்டு, திரும்பவும் வளைந்து, வந்த வழியிலேயே போய்விடும். வேறு பக்கம் சிதறாது. அதனால் விளக்கு எங்கே இருக்கிறதோ அங்கே இருப்பவருக்கு மட்டும்தான் பட்டை தீயாக எரியும். கார் ஓட்டுபவரின் கண் முகப்பு விளக்குக்குச் சற்று மேலே இருக்கிறது. மற்றவர்களுக்கு அது சாம்பல் துணி. எத்தனை அழகான ஏற்பாடு! கம்பி இல்லை, மின்கலம் இல்லை, எதிரே வருகிறவனின் விளக்கே போதும்.

பிரைசன் டார்ச்சைத் தன் நெற்றியருகே வைத்து அடித்தான். பட்டை வெள்ளையாகப் பற்றியது. "அட!" என்று கத்தினான். எனக்கு ஒரு கணம் அவன்மேல் அன்பே வந்துவிட்டது. அடுத்த வாக்கியத்தில் அதைக் கெடுத்தான்.

"அப்ப நம்ம சின்னத்தை அங்கதான் போடணும்."

பேரவைப் பணத்தில் வாங்கும் எதிலும் பேரவையின் சின்னம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது அவர்கள் விதி. மேலங்கியில் தெளிவாகத் தெரிகிற இடம் பட்டை. ஆகவே சின்னம் பட்டைமேல். கல்லூரிக்கு வந்து இரண்டு வருடம் பொருளாதாரம் படித்தவனின் தர்க்கம் இது.

"மணிக்கு மேல மை போனா ஒளி உள்ளேயே போகாதுப்பா," என்றேன்.

"மெல்லிசா போடுங்க, வென்டெல்."

"மெல்லிசான மையும் மைதான்."

"நீங்க டிசைனைப் பத்திக் கவலைப்படாதீங்க. அதுக்கு எங்ககிட்ட ஆள் இருக்கு."

ஓடெட் எழுந்தாள். "பிரைசன், பச்சைத் துணியில எவ்ளோ இடம் கெடக்கு. அதுல உன் மூஞ்சியவே வேணும்னாலும் போட்டுக்கோ. பட்டையை மட்டும் விட்டுடு."

"சின்னம் பட்டைல இல்லன்னா பணம் இல்ல. விதி."

அத்தோடு நிற்கவில்லை. 'பாதுகாப்பான ஹாலோவீனுக்கு மாணவர் பேரவை உங்களை வரவேற்கிறது' என்று ஒரு பதாகைக்கும் ரோந்தின் பணத்திலேயே நூற்று இருபது டாலர் ஒதுக்கி, தங்களுக்குள் கைதட்டிக்கொண்டார்கள்.

நான் அச்சடிக்க மறுத்திருக்கலாம். மறுத்தால் வெளியே கொடுத்து அடித்துவிடுவார்கள், வாக்கி டாக்கிக்கும் தண்ணீருக்கும் வைத்த பணமும் சேர்ந்து நின்றுபோகும். ஓடெட்தான் அடித்துவிடச் சொன்னாள். பட்டையை நிறைத்துக்கொண்டு சின்னமான ஓக் மரமும், பேரவையின் முழுப் பெயரும் தடித்த கறுப்பில் விழுந்தன. நாற்பது மேலங்கிகள். கைகூசும் வேலை.

மறுநாள் சாயங்காலம் இருட்டியதும் பட்டறைக்குப் பின்னாலுள்ள கார் நிறுத்துமிடத்தில் சோதித்துப் பார்த்தோம். என் வண்டியில் உட்கார்ந்து முகப்பு விளக்கைப் போட்டேன். அறுபது மீட்டரில் மாதிரி மேலங்கியோடு ஓடெட் நின்றபோது கண் கூசியது. அச்சடித்ததைப் போட்டு நின்றபோது ஒரு மங்கல் கறை. குப்பைத்தொட்டி என்றுதான் நினைத்திருப்பேன்.

வண்டியருகே நடந்து வந்தாள். "தெரியுதா?"

"இல்ல."

"அப்ப வளைவுல யாரும் நிக்கப்போறதில்ல," என்றாள். மேலங்கியைக் கழற்றி மடித்தாள். "ஆனா ஜனங்க அங்கதான் கடப்பாங்க, வென்டெல். நாங்க நின்னாலும் நிக்கலன்னாலும் கடப்பாங்க."

அவள் நடந்து வந்ததுதான் எனக்கு வழி காட்டியது. அவளுடைய காலணியின் முனையில் ஒரு சின்ன ஒளிர்துண்டு இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் நடந்து வரும்போது அது மேலும் கீழுமாக மினுங்கியது. காரின் தாழ்விளக்கு தரையைப் பார்த்துத்தான் அடிக்கும். அதனால் ஓர் ஆளின் உடம்பில் முதலில் வெளிச்சம் படுவது காலில். தவிர, அசையாமல் மின்னும் மார்புப் பட்டையை ஒரு பலகை என்று மூளை தள்ளிவிடலாம். கணுக்காலும் மணிக்கட்டும் வீசி அசைந்தால், உடம்பே தெரியாவிட்டாலும் அது மனிதன் என்று நொடியில் புரிந்துவிடும்.

"கால்லயும் கையிலயும் கட்டலாம்," என்றேன். "அங்க சின்னம் போட இடமே இல்ல."

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். "பட்டை என்ன விலை?"

"பதாகை விலைதான்."

பதாகையை ரத்து செய்தாள். ஒளிர்பட்டைச் சுருள்களை வாங்கி, துண்டு துண்டாக நறுக்கி, வெல்க்ரோ ஒட்டுநாடா தைத்து, நாற்பது பேருக்கும் நான்கு நான்கு வளையங்கள் செய்தோம்.

ஹாலோவீன் அன்று வளைவுக்கு நான் போக வேண்டிய கட்டாயம் இல்லை. பட்டை வேலை செய்வதைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. ஓடெட்டும் இன்னும் மூன்று பேரும் அச்சடித்த மேலங்கியும் வளையங்களுமாக நடைபாதையோரம் நின்றார்கள். கார் வந்தால் ஒருவர் இறங்கிக் கைவீசி நிறுத்துவார், மற்றவர் ஆட்களைக் கடக்கவிடுவார். ஒன்பது மணிக்குள் முந்நூறு பேரைக் கடக்கவிட்டிருப்பார்கள்.

அப்போது நிதிக்குழு வந்தது. ஏழு பேரும் வௌவால்கள். தலையிலிருந்து தரைவரை கறுப்புத் துணி. பிரைசன் கைப்பேசியில் தன்னைப் படமெடுத்துக்கொண்டே, யாரையும் கேட்காமல் சாலையில் இறங்கினான்.

மேலே கார் திரும்பியது.

"பிரைசன், நில்லு!" என்று கத்திக்கொண்டே ஓடெட் அவனுக்கும் காருக்கும் நடுவே ஓடினாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வீசினாள். டயர்கள் கிறீச்சிட்டன. கார் அவளுக்கு நான்கு அடி முன்னால் நின்றது.

ஓட்டி வந்த அம்மாள் கண்ணாடியை இறக்கினார். "நாலு வெளிச்சம் குதிச்சுதும்மா. ஆளுன்னு தெரிஞ்சுது, மிதிச்சுட்டேன். பின்னால நிக்கிறாரே அந்தக் கறுப்புத்துணி, அவரை இப்பத்தான் பாக்குறேன். உன் மேலங்கி ஒண்ணும் தெரியலையேம்மா?"

"அதுல பேரவையோட பேர் இருக்கு," என்றாள் ஓடெட்.

பிரைசனின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் அவன் கண் போன இடம் அவள் கணுக்கால். பிழைத்தவன் முதலில் எதைப் பார்ப்பான் என்று நான் யோசித்ததுண்டு. இவன் பட்டியலில் இல்லாத பொருளைப் பார்த்தான்.

"இது நாங்க ஒப்புக்கிட்ட பட்டியல்ல இல்லையே. எந்தக் கணக்குல வாங்கினீங்க?"

"உன் பதாகைல."

"யாரு அனுமதி குடுத்தாங்க? இதைக் குழுவுல வைப்பேன், ஓடெட். அடுத்த வருஷம் உங்களுக்கு ஒரு டாலர் கூட வராது."

"வை," என்றாள். "இப்ப நடைபாதைல ஏறு. இன்னொரு கார் வருது."

பிரைசன் துணியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினான்.