எத்தனை மாடு என்று கேட்டவன்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. மொன்டானாவில் நான் வெகுகாலமாகக் குடியிருக்கும் ஊரில் ஞாயிறு மாலை ஆனால் எல்லோரும் ஹாலிஸின் மதுக்கடையில் கூடி மாட்டுப் பண்ணை பற்றிய 'கரிக்குன்று' டிவி தொடரைப் பார்ப்பார்கள். பார்ப்பது ஒரு பங்கு, திட்டுவது மூன்று பங்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அந்தி வெயில் புல்வெளியில் ரத்தமாய்ச் சிந்த, வெர்லா தன் குதிரையின் கடிவாளத்தை—'

வேண்டாம். வெர்லா வந்தது பிக்கப் வண்டியில். ரத்தமெல்லாம் டிவியில்தான்.

2

வெர்லா தனியாளாக மாட்டுப் பண்ணை நடத்தும் விதவை. ஒரே மகள் கெல்சி லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறாள். அவள் கட்டிக்கொள்ளப்போகும் ஜூலியன்தான் 'கரிக்குன்று' எழுதுகிறவன். ஊருக்கு இது தெரியாது. ஜனங்கள் மனம்விட்டுப் பேசுவதைக் கேட்கும் ஆசையில் அந்த ஞாயிறு அவர்களோடு கடைக்கு வந்திருந்தான். அதனால் அம்மாவும் மகளும் வாயைத் திறக்கவில்லை.

[ஜூலியன் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் அவனுக்குப் பளபளக்கும் பூட்ஸ் மாட்டி, தலைக்கனமும் கொடுத்திருந்தேன். ஆனால் அன்று காலை முழுக்க வெர்லாவோடு முள்வேலி கட்டிக் கையெல்லாம் கிழித்துக்கொண்டவன் அவன். தலைக்கனத்தை எடுத்துவிட்டேன். பூட்ஸ் நிஜம்.]

வண்டியில் வரும்போது கெல்சி ஒன்று சொல்லியிருந்தாள்: "இவரை இந்த ஊரு சேத்துக்கலைன்னா நானும் இனிமே வரமாட்டேம்மா." வெர்லா கியரை மாற்றினாள். அவளுக்கு வேறு யாரும் இல்லை.

3

அன்றைய பகுதியில் பாதிரியாரைச் சுட்டார்கள். அண்ணன் தம்பியைக் கிணற்றில் தள்ளினான். கடையில் யாரும் அசையவில்லை. சேணம் தளர்ந்திருக்கிறது என்றார் ஒருவர். மார்ச் மாதத்துக் கன்றுக்கு இவ்வளவு உடம்பா என்றார் இன்னொருவர். பனி சோப்பு நுரை என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். ஜூலியன் எல்லாவற்றையும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு ஒரு விருந்துக் காட்சி வந்தது. விருந்தாளி உருளைக்கிழங்குத் தட்டை வாங்கியபடி, "உங்ககிட்ட எத்தனை மாடு இருக்கு?" என்று கேட்டான். பண்ணைக்காரர் எண்ணிக்கையைச் சொன்னார்.*

கடை அடங்கிப்போனது. ஹாலிஸ் டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"கொலைகூடப் பரவால்ல. இதை எழுதினவனுக்கு வீட்ல யாரும் எதுவும் சொல்லித் தரலையா? அவனை ஒருநாள் இங்க கூட்டிட்டு வாங்கப்பா, நான் பாக்கணும்."

வெர்லாவுக்குத் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டு மேஜையில் ஜூலியன் கேட்ட அதே கேள்வி, அதே உருளைக்கிழங்கு. "இந்த வருஷம் மழை கம்மி" என்று அவள் பேச்சை மாற்றியதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

ஜூலியனின் முகம் சிவந்துவிட்டது. கெல்சி கைப்பையை எடுத்தாள்.

* எங்கள் பக்கம் இதைக் கேட்பது அடுத்தவர் பாஸ்புக்கைப் பிரித்துப் பார்ப்பது மாதிரி. பக்கத்துப் பண்ணைக்காரரோடு நாற்பது வருடம் பழகலாம், இதைக் கேட்கக்கூடாது.

4

முடிவு ஒன்று: இருவரும் எழுந்து போகிறார்கள். வெர்லா தனியாக வண்டியை— (எழுத மனம் வரவில்லை.)

முடிவு இரண்டு: ஹாலிஸ் சிரித்து, ஜூலியனுக்கு ஒரு பீர் ஊற்றுகிறார். (டிவிக்காரர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.)

நடந்தது வேறு. வெர்லா எழுந்து நின்றாள்.

"எழுதினது இவருதான். எங்க வீட்டு மாப்பிள்ளை. அந்தக் கேள்விய என்கிட்டதான் கேட்டாரு, நான்தான் மழுப்பிட்டேன். வீட்டு ஆளு கேட்டா சொல்லணும்ல?"

அப்படியே ஜூலியன் பக்கம் திரும்பி, தன் மாடுகளின் எண்ணிக்கையைச் சொன்னாள்.

ஆண்களெல்லாம் தரையைப் பார்த்தார்கள். ஹாலிஸ் தொப்பியைக் கழற்றிவிட்டார். தான் கேட்டது என்னவென்று ஜூலியனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் அழுதான்.

5

ஊர் அவனைச் சேர்த்துக்கொண்டதா, கெல்சி அடுத்த கிறிஸ்துமஸுக்கு வந்தாளா என்பதை உங்கள் விருப்பம்போல் முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

அந்த எண்ணை இந்த இடத்தில் எழுதினேன், அடித்துவிட்டேன். கடையில் இருந்த எல்லோர் காதிலும்தான் அது விழுந்தது. ஆனால் அவள் சொன்னது அவனிடம்.