அருகமர்ந்த மன்றாட்டு

மலைத்தொடரின் முதுகில் சாய்ந்து பகலவன் விடைபெறும் அந்திப் பொழுதிலும் அந்நகரின் கடைத்தெரு தன் நாளை முடித்துக்கொள்ள மனமின்றி விழித்தே இருக்கும். துணிக்கடைகள் தம் வண்ணச் சுருள்களை உள்ளிழுத்துக்கொள்ள, இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாய் முழங்கி இறங்க, வீடு திரும்புவோரின் காலடி ஓசை கூரைமேல் விழும் மழைபோல் முதலில் அடர்ந்து, பின் தளர்ந்து, பின் ஓயும். அத்தெரு வளையும் இடத்தில், ஆளுயரக் கண்ணாடியும் சுழல் நாற்காலியும் கொண்ட முடிதிருத்தகம் ஒன்று இருந்தது. படிப்போரே, இது அக்கடைக்கு உரியவரின் கதை. பகலெல்லாம் கத்தரியின் சிற்றொலியன்றி வேறொலி எழுப்பாத அம்மனிதர், மாலையில் கடையைச் சாத்திவிட்டு இறைமக்கள் கூடும் இல்லங்களுக்குச் சென்று கண்மூடி நின்றாரென்றால், மலையருவி மடை திறந்ததுபோல் மன்றாட்டு பெருகும். குன்றாத அக்குரலுக்காகவே அவரை எல்லோரும் மணிக்குரலார் என்று அழைத்தனர்.

அவர் மனைவியின் வேண்டுதலோ வேறு வகையது. விடியலில் அடுப்பங்கரையின் மூலையில் முழந்தாளிடுவார். உலை கொதிப்பதற்குள் எழுந்துவிடுவார். என்ன கேட்டார், எவருக்காகக் கேட்டார் என்பது அம்மூலைக்கும் ஆண்டவர்க்கும் மட்டுமே தெரியும். கணவரின் நெடிய மன்றாட்டுகளில் அவருக்குப் பெருமையும் உண்டு. அப்பெருமையினும் பெரிதாய்க் குறும்பும் உண்டு.

"ஊரு முடியெல்லாம் வெட்டறீங்க, உங்க ஜெபத்தை மட்டும் கொஞ்சம் வெட்டத் தெரியலையே!" என்பார். "பாவம், குழந்தைங்க எல்லாம் தூங்கி விழுந்துடுச்சு."

"ஆண்டவர் தூங்கல இல்ல? அது போதும்" என்று அவரும் சிரிப்பார்.

அவ்வாண்டு, நெடுந்தொலைவில் கடலோரம் அமைந்த பிணியாளர் இல்லம் ஒன்றுக்குச் சில நாள் தொண்டாற்றச் சென்று வரக் கோவிலின் ஆயர் ஆள் திரட்டியபோது, எவரும் எதிர்பாராவண்ணம் முதலில் எழுந்து நின்றவர் அந்த அம்மையார்தாம். அங்கே போய் என்ன செய்வாய் என்று கணவர் வினவ, "துணி துவைப்பேன், கஞ்சி ஊட்டுவேன். வீட்டுல செய்யறதுதானே" என்றார். ஆனால் புறப்படும் நாள் வருமுன்னே பிணி வந்தது. குருதியில் தோன்றிய நோய் அது. கோடையின் தொடக்கத்தில் காய்ச்சலாய் வந்து, கோடை முடியுமுன் அவரைப் படுக்கையோடு படுக்கையாய்ப் பிணித்து, மருத்துவர்களையும் கைவிரிக்கச் செய்தது.

மணிக்குரலார் கைவிரிக்கவில்லை. கைகூப்பினார். வீட்டுக் கூடத்தில் இறைமக்களைக் கூட்டினார். காலையும் மாலையும் முறைவைத்து மன்றாடச் செய்தார். அனைவர்க்கும் முன்னின்று தாமே குரலெடுத்தார். தம் குரல் தாழாதிருக்கும்வரை தம் மனைவியின் உயிரும் தாழாது என்றொரு நம்பிக்கை, ஒருவர்க்கும் சொல்லாத உடன்படிக்கைபோல், அவருள் வேரூன்றியிருந்தது. வெயில் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், மன்றாட்டு ஓங்கி நின்ற வேளையில், மனைவியின் தங்கை உள்ளறையினின்று வந்து அவர் தோளைத் தொட்டாள்.

"அத்தான், அக்கா கூப்பிடறா. பக்கத்துல வந்து உக்காரச் சொல்றா."

அவர் கண் திறக்கவில்லை. பொறு என்பதுபோல் உள்ளங்கையை மட்டும் உயர்த்தினார். குரல் இன்னும் மேலேறிற்று. அவள் சற்று நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். மன்றாட்டு நிறைந்து, எல்லோரும் ஆமென் என்று முழங்கி, வியர்வை துடைத்தபடி அவர் உள்ளறை வாயிலை அடைந்தபோது, தங்கை தமக்கையின் கையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "போயிட்டா" என்றாள். அதன்பின் அவள் அவரோடு பேசவில்லை.

இறுதிக் கடன்கள் முடிந்தன. கடை மீண்டும் திறந்தது. வந்தோரிடம் எவ்வளவு குறைக்கவேண்டும் என்று கேட்பதற்கன்றி அவர் வாய் திறக்கவில்லை. கோவிலுக்குப் போனார், கடைசி இருக்கையில் அமர்ந்தார், பிறர் முழந்தாளிட்டபோது, முழங்கால் மடங்க மறுப்பவர்போல் அமர்ந்தே இருந்தார். கண்களை மூடினால் உயர்த்திய தம் உள்ளங்கையே தெரிந்தது. ஆண்டவர் தம்மைக் கைவிட்டார் என்று சினங்கொள்ளவும் அவரால் இயலவில்லை. கைவிட்டவர் யார் என்பதை அவர் அறிவார்.

அந்நாட்களில் ஒருநாள் ஆயர் கடைக்கு வந்தார். முடி திருத்த வந்தவர்போல் நாற்காலியில் அமர்ந்து, துணி போர்த்தப்பட்ட பின்பே வந்த காரணத்தைச் சொன்னார்.

"அந்தக் கடலோர இல்லத்துக்குப் போற நாள் வந்துடுச்சு. அம்மா பேரு அப்படியே இருக்கு. அதை எடுத்துட்டு வேற யாரையாவது சேக்கலாமான்னு... உங்களைக் கேக்காம செய்ய மனசு வரல."

கத்தரி நின்றது. "எடுக்காதீங்க ஐயா. அந்த இடத்துல நான் வரேன். ஆனா என்னை ஜெபம் பண்ணச் சொல்லக் கூடாது."

"சரி, சொல்லல. அங்க வந்து என்ன செய்வீங்க?"

"முடி வெட்டுவேன். தாடி எடுப்பேன். எனக்கு வேற என்ன தெரியும்?"

மீண்டும் எழ வழியில்லாதோர் தம் எஞ்சிய நாளைக் கழிக்கும் அவ்வில்லம், கடலை நோக்கிய நீண்ட கட்டடமாய், வெள்ளையடித்த சுவர்களும் வரிசை வரிசையாய் இரும்புக் கட்டில்களும் கொண்டிருந்தது. உடன்வந்தோருள் சிலர் சுவருக்கு வண்ணம் பூசினர். சிலர் விரிப்புகளைத் துவைத்து உப்புக் காற்றில் உலர்த்தினர். சிலர் கட்டில்தோறும் நின்று பாடினர். மணிக்குரலாரோ வெந்நீர்க் கிண்ணமும் துண்டும் கத்தியும் ஏந்திக் கட்டில் கட்டிலாய்ச் சென்றார். நலமுற்றோர் முகத்தை மழிப்பது வேறு, நலிந்தோர் முகத்தை மழிப்பது வேறு என்பதை முதல் நாளே அவர் கைகள் கற்றன. கன்னம் குழிந்த இடத்தில் கத்தி வழிதவறும். தோலை விரல் நுனியால் மெல்ல இழுத்துப் பிடிக்க வேண்டும். மூச்சு வாங்குவோர்க்கு இடைவெளி விட்டுக் காத்திருக்க வேண்டும். முகத்தோடு முகம் நெருங்கி அவ்வாறு காத்திருக்கையில், அவர்கள் தாமாகவே பேசினர். மகளைப் பற்றி ஒருவர், இழந்த நிலத்தைப் பற்றி ஒருவர், ஒன்றுமில்லாததைப் பற்றி ஒருவர். அவர் கேட்டார். நெடுங்காலம் ஆண்டவரிடம் பேசியே பழகிய அவர், ஒரு மனிதன் பேசி முடிக்கும்வரை வாய்மூடிக் கேட்டிருப்பது இதுவே முதன்முறை என்பதை உணர்ந்து உள்ளூர நாணினார்.

கடைசிக் கட்டிலில் ஒரு கொத்தனார் படுத்திருந்தார். நுரையீரலைக் கல்தூசி அரித்துவிட்டது. அவர் வாய்க்கு அஞ்சிப் பணிப்பெண்களும் எட்டவே நின்றனர். பாட வந்தோரைத் தலையணை வீசி விரட்டியவர் அவர்.

"ஜெபம் பண்ண வந்திருந்தா அப்படியே திரும்பிப் போ. முடி வெட்ட வந்திருந்தா உக்காரு" என்றார்.

"முடிதான் வெட்டுவேன்."

"கத்தி நல்லா இருக்கே! கழுத்துல ஒரே இழுப்பு இழுத்துடேன். உனக்கும் வேலை மிச்சம், எனக்கும் மூச்சு மிச்சம்."

"அதுக்குக் கூலி தனி. உங்களால குடுக்க முடியாது."

கொத்தனார் வியந்து நோக்கினார், பிறகு சிரித்தார், சிரிப்பு இருமலாய் மாறி நெடுநேரம் அவரை உலுக்கிற்று. அது தணியும்வரை மணிக்குரலார் துண்டை ஏந்திக் காத்திருந்தார். அன்றுமுதல் நாள்தோறும் அக்கட்டிலருகே சற்று அமர்வது வழக்கமாயிற்று. தாம் எழுப்பிய மாடங்களைப் பற்றிக் கொத்தனார் சொல்வார். எழுப்பிய ஒன்றிலும் தாம் குடியிருந்ததில்லை என்று சொல்லித் தம்மையே திட்டிக்கொள்வார். விடியலில் உடன்வந்தோர் சிறு வழிபாட்டறையில் கூடி மன்றாடுகையில் மணிக்குரலார் வெளிப்படியில் கடல் பார்த்து உட்கார்ந்திருப்பார். சொல் ஒன்றும் எழாது. ஆயினும் கட்டில்களில் கண்ட முகங்கள் அலைபோல் ஒவ்வொன்றாய் வரும். வந்த முகத்தோடு சற்று நேரம் இருந்துவிட்டு அடுத்ததை வரவேற்பார். அதற்கு என்ன பெயர் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

திரும்பும் நாள் நெருங்கிய ஓர் உச்சிப்பொழுது. எல்லோரும் உணவுக்கு முந்திய வழிபாட்டில் இருந்தனர். கொத்தனாரின் மூச்சு, தளர்ந்த வண்டிபோல், ஏறவும் மாட்டாது இறங்கவும் மாட்டாது திணறிற்று. பணிப்பெண் வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, மருத்துவரை அழைக்க விரைந்தாள். மணிக்குரலாரும் வழிபாட்டறையிலிருந்த ஆயரை அழைக்க எழுந்தார்.

"எங்க ஓடறே?" என்றார் கொத்தனார்.

"ஐயாவைக் கூட்டிட்டு வரேன். நல்லா ஜெபம் பண்ணுவாரு."

"வேணாம். உக்காரு. எதையாவது பேசு."

பேச வேறொன்றும் தோன்றாமல், எவரிடமும் சொல்லாத அதனை அவர் சொன்னார். கூடத்தில் தாம் எழுப்பிய குரலை, தோளில் பட்ட கையை, உயர்த்திய உள்ளங்கையை, வாயிலில் கேட்ட ஒரு சொல்லை. பழித்துரைப்பார் என்றோ தேற்றுவார் என்றோ அவர் எதிர்பார்த்தாரெனில், கொத்தனார் இரண்டையும் செய்யவில்லை. கூரையைப் பார்த்தவாறே துண்டு துண்டாய்ச் சொன்னார்.

"அவ பயந்திருப்பாய்யா... அதான் கூப்பிட்டிருப்பா. எனக்கும்... பயமாத்தான் இருக்கு. கையை எடுத்துடாதே."

அச்சொல் கத்தியினும் கூர்மையாய் இறங்கிற்று. நோயில் மெலிந்தபோதும் நகையாடிய மனைவி அஞ்சியிருப்பாள் என்று அவர் ஒருபொழுதும் எண்ணியதில்லை. அவள் அஞ்சினாள், அஞ்சித் தம்மைத் தேடினாள், தாமோ அவ்வேளை வானத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பும் கல்லும் தின்று காய்த்த அக்கையைத் தம் இரு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். வழிபாட்டறையினின்று பாட்டொலி காற்றில் வந்தது. அவர் பாடவில்லை, வேண்டவில்லை, "இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்று மட்டும் இடையிடையே சொன்னார். மருத்துவர் வந்தார், தலையசைத்துக் கட்டிலின் மறுபுறம் நின்றார். மூச்சு ஒருமுறை நின்று, மீண்டு, பின் மீளாது நின்றது.

பிடி தளர்ந்த அக்கையை விடாமல் அவர் அழுதார். மனைவியின் உடலருகேயும் வராத அழுகை அது. அதனூடே, எண்ணாமலும் குரலெடுக்காமலும், சொல் பிறந்தது.

"ஆண்டவரே, இவரு பயப்படறாரு. அவளும் பயந்தா. நான் போகல. நீங்களாவது பக்கத்துல இருங்க."

ஊரே வியந்த மன்றாட்டுகளை வாழ்நாளெல்லாம் உரைத்த அவர்க்கு, அதுவே தாம் மெய்யாய் வேண்டிய முதல் வேண்டுதல் என்று தோன்றிற்று.

ஊர் திரும்பிய பின் வந்த ஞாயிற்றுக்கிழமை, சென்று வந்தோர் ஒவ்வொருவராய்த் தாம் கண்ட நன்மைகளைச் சான்றாய் எடுத்துரைத்தனர். மணிக்குரலார் எழுந்தபோது கோவில் முழுதும் செவியானது. அடைபட்ட அருவி மீண்டும் திறக்கும் என எல்லோரும் காத்திருந்தனர். அவர் இருக்கையின் கைப்பிடியைப் பற்றி நின்றார்.

"ஒருத்தர் இறந்தாரு. நான் பக்கத்துல இருந்தேன்" என்றார். "அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டார். இவ்வளவுக்கா இத்தனை தொலைவு என்று முன்வரிசையில் எவரோ முணுமுணுத்தது அவர்க்கும் கேட்டது.

வழிபாடு முடிந்து மக்கள் கலைந்தபின், மனைவியின் தங்கை வாயிற்படியருகே நின்றிருந்தாள். இம்முறை அவரே அருகே சென்றார்.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்கத் தைரியம் இல்லாமதான் இத்தனை நாள் இருந்தேன். அன்னிக்கு அவ என்ன சொன்னா?"

அவள் தலைமுக்காட்டின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "ஜெபம் முடிஞ்சுதான்னு கேட்டா, அத்தான். இல்லன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் கேட்டா. அதுக்கப்புறம் கேக்கல."

அவர் அச்சொற்களைத் தடுக்கவில்லை. தம்மைக் காத்துக்கொள்ள ஒரு சொல்லும் தேடவில்லை. "பயந்தாளா?" என்று கேட்டார்.

"ம்" என்றாள். பிறகு, அந்நெடுநாள் சினம் தன்னையும் எரித்துக் களைத்துவிட்டதுபோல், "நானும் பயந்துட்டேன் அத்தான். நான் மட்டும் தனியா இருந்தேன்" என்று விம்மினாள். அவள் தனித்திருந்ததும் அவர் அதுவரை எண்ணாத ஒன்றே. மன்னித்துவிடு என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் அவள் தம்மைத் தேற்ற நேரும் என்று அஞ்சி விழுங்கிக்கொண்டார். அவள் அழுது ஓயும்வரை உடன் நின்றார். மன்னித்தேன் என்று அவளும் சொல்லவில்லை. ஆனால் வீதி முனைவரை இருவரும் சேர்ந்தே நடந்தனர்.

படிப்போரே, அவர் குரல் மீண்டும் மணியாய் ஒலித்ததென்று சொல்வதற்கில்லை. ஊரார் அவரை மன்றாட அழைப்பதும் நாளடைவில் நின்றது. கடை விடுமுறை நாட்களில் நகரின் மருத்துவமனைக்குச் சென்று, எழ இயலாதோர்க்கு முகம் மழித்து, அவர்கள் அருகே அமர்ந்திருந்துவிட்டு வருவார். இரவு உணவுக்கு முன் வெறும் இல்லத்தில் முழந்தாளிடுவார். கேட்பதற்கு ஒன்றுமின்றி, கேட்டதெல்லாம் மறுக்கப்பட்ட ஒருவராய், சற்று நேரம் இருந்துவிட்டு எழுவார். விடை வந்ததோ எனில் வரவில்லை. துயர் தீர்ந்ததோ எனில் தீரவில்லை. இழந்தது இழந்ததே. ஆயினும், விண்ணை எட்டவேண்டும் என்று உயர்ந்துகொண்டே சென்ற ஓர் உள்ளம் மண்ணில் ஒருவர் அருகே வந்து அமரக் கற்றுக்கொண்டது. கற்ற பொழுதில், அதை முதலில் பெற்றிருக்க வேண்டியவள் அங்கில்லை.