மிஞ்சிய ஜோடி

அஸார் இறந்த மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்கு உறவினர்கள் வந்திருந்தார்கள். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளை அவனுடைய நான்கு வயது மகள் தஹ்மீனா ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். எண்ணப் பழகுவதற்காக அஸார் சொல்லித்தந்த விளையாட்டு அது. ஜோடிகளை எண்ணிவிட்டு, எது யாருடையது என்றும் சொல்ல வேண்டும்.

"என்னோடத மாத்தி வெச்சிடாதே, கணக்குப்புள்ள," என்றார் அஸாரின் அண்ணன் நெய்னா முகம்மது.

"உங்களதுதான் தோணி மாதிரி இருக்கே, பெரியத்தா. எப்படி மாறும்?"

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த ஷமீரா மகளின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடக்கத்தன்று தஹ்மீனாவைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். அத்தா கடைக்குச் சரக்கெடுக்கச் சீர்காழி போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தாள். உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் கிளம்பிப் போனார்கள். தஹ்மீனா உள்ளே ஓடிவந்தாள். கையில் அஸாரின் பழுப்புச் செருப்புகள் இருந்தன.

"பதினொரு ஜோடிம்மா. பத்துப் பேர் போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. இது மிச்சம். அத்தா வெறுங்காலோடயா சீர்காழி போனாங்க?"

ஷமீரா செருப்புகளை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். மகளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"அத்தா சீர்காழிக்குப் போகலம்மா," என்று தொடங்கினாள்.