எட்டுப் பொன்னாடைகள்

மணப்பட்டு மீன் ஏலத்திடலில் ஊர்த்தலைவர் சம்மந்தம் காலடி வைத்துவிட்டால், அவர் திரும்பிப் போகும்வரை மீன்காரப் பெண்கள் உட்காரமாட்டார்கள். அப்படியொரு தீர்மானத்தை எந்தப் பஞ்சாயத்தும் போட்டதில்லை. சம்மந்தம் வாய்திறந்து கேட்டதும் இல்லை. சவுக்குத்தோப்பின் ஓரத்தில் அவருடைய வெள்ளை வேட்டி தெரிந்ததும் பலகைகளும் ஐஸ் பெட்டிகளும் காலியாகும். முப்பது பெண்கள் எழுந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பார்கள். அவர் நின்றபடி பேசிவிட்டுப் போனால் பத்து நிமிடம். நாற்காலி போட்டு டீ குடித்தால் ஒரு மணி நேரம்.

மூன்று வருடங்களுக்கு முன் தேவி என்பவள் காய்ச்சலோடு வந்து, எழாமல் இருந்துவிட்டாள். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஏலம் விடுகிறவரின் கண் அவள்மேல் படவில்லை, அவ்வளவுதான். ஒரே வாரத்தில் அவள் கூடை முன்வரிசையிலிருந்து, ஐஸ் தண்ணீர் வழிந்தோடும் கடைசி மூலைக்குப் போயிற்று. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

முன்வரிசையில் நான்காவது இடம் அமுதத்துடையது. ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு இடது முட்டி தேய்ந்துவிட்டது. தாழ்ந்த பலகையில் மடக்கி உட்கார முடியாமல் ஐஸ் பெட்டிமேல்தான் உட்காருவாள். நிற்பதைக் குறைக்காவிட்டால் அடுத்த வருடம் கூடை தூக்க முடியாது என்று டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிச் சொல்லியிருந்தார். அந்தப் படத்தை அவள் மகள் ஜெயப்பிரியா தன் விமர்சன நூல்களுக்கு நடுவே செருகி வைத்திருந்தாள். ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. புத்தகத்தை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அம்மாவின் முட்டி கையில் வந்தது.

ஊரில் ஆங்கிலத்தில் எது எழுத வேண்டுமென்றாலும் ஜெயப்பிரியாவிடம் வருவார்கள். அந்தப் புதன்கிழமை வந்தவர் சம்மந்தத்தின் மகன் அரசு.

"ஜெயா, ஏலக்கூடத்துக்குக் கூரை போட்டுக் குடுத்த வெளிநாட்டுக்காரங்க ஞாயித்துக்கெழம வராங்க. அப்பாவப் பத்தி இங்கிலீஷ்ல நாலு வரி எழுதி நீயே மைக்ல படிச்சிடு. அப்புறம் நம்ம சனத்துக்குத் தமிழ்லயும் சொல்லிடு." சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "இந்த வார்த்தைங்கள்லாம் வந்துடணும்."

ரெஸ்பெக்ட், அட்மிரேஷன், எஸ்டீம், ரெவரன்ஸ், ஹானர், டெஃபரன்ஸ், கர்ட்டஸி, பொலைட்னஸ். பென்சிலில் வரிசையாக எழுதியிருந்தார்.

"இன்னாண்ணா, எட்டு இருக்கு?"

"ஃபோன்ல மரியாதைன்னு அடிச்சேன், எட்டு வந்துச்சு. எட்டையும் போட்டுடு."

"எட்டும் ஒண்ணு இல்லண்ணா."

"ஒண்ண வுட்டாலும் குறை வெச்ச மாதிரி ஆயிடும்மா. மேடையில எட்டு பேரு பொன்னாடை போத்துனா அப்பா எட்டையும்தான வாங்கிக்கிறாரு? மொதலாவதே போதும்னா சொல்றாரு?"

அந்த வாதத்தில் ஒரு ஒழுங்கு இருப்பது ஜெயப்பிரியாவுக்குத் தெரிந்தது. சொற்களையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டே போகலாம்; உள்ளே இருக்கும் ஆள் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை.

பேனருக்கும் அவள்தான் வாசகம் தர வேண்டியிருந்தது. மறுநாள் பாகூரில் ஷாரிக்கின் ஃபிளெக்ஸ் கடைக்குப் போனாள். இளங்கலையில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், கடைசி பெஞ்சு.

"வாங்க டாக்டர் மேடம்! இன்னும் ஆகலயா? சரி, அட்வான்ஸா வெச்சிக்குங்க," என்றபடி கணினியைத் திருப்பினான். "அரசு அண்ணன் அனுப்புன லிஸ்ட்லேர்ந்து ரெவியர்டு லீடர்னு போட்டுட்டேன், பாரு."

"ரெவியர்டுன்னா சாமிக்கு முன்னாடி வர பக்திடா. அவரு மனுசன்."

"எனக்கு பக்தியெல்லாம் தெரியாது. இருபது அடி பேனர். ரெஸ்பெக்டடு ஒம்பது எழுத்து, எஸ்டீம்டு எட்டு, ரெவியர்டு ஏழு. எழுத்து கொறஞ்சா சைஸ் ஏறும். ரோட்லேர்ந்து பாத்தாலே படிக்கலாம்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கறேன். கடைக்கு வர எல்லாரையும் வாங்க சார், ஒக்காருங்க சார்ங்கிறியே, அது மரியாதையா?"

"அது பழக்கம். கடுகடுன்னு இருந்தா எவன் வருவான்?"

"உன்னப் பெத்த அத்தா வந்தா?"

"சிகரெட்டைக் காலுக்கடியில போட்டுட்டு எழுந்து நிப்பேன்."

"அது மரியாதையா?"

"முக்கால்வாசி பயம்." யோசித்தான். "கால்வாசி மரியாதை இருக்கும். சத்தியமா இருக்கும்."

"சரி, யாரையாவது பாத்து அசந்து போயிருக்கியா?"

"எங்க அக்கா ஷிபானா. ஒரு கையில கொழந்த, ஒரு கையில ஸ்கூட்டி சாவி, காதுல ஃபோன வெச்சிக்கினு கஸ்டமர்கிட்ட சண்ட. மூணுலயும் அவதான் ஜெயிப்பா. ஆனா அவகிட்ட நான் சொன்னதில்ல. சொன்னா தலைமேல ஏறிக்குவா."

பேருந்தில் திரும்பும்போது அவள் அந்தத் தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். ஷாரிக் அகராதி பார்க்காமலேயே பாதி வேலையை முடித்துவிட்டிருந்தான். கர்ட்டஸி என்பது வாசலில் சொல்லும் வார்த்தை. எவருக்கும் சொல்லலாம், அதில் பொய் இல்லை. அட்மிரேஷன் கேட்டு வாங்க முடியாதது. பார்த்த மாத்திரத்தில் உள்ளே நிகழ்ந்துவிடுவது, சொல்லாமலே இருந்தாலும் குறையாதது. டெஃபரன்ஸ் எதிரில் நிற்பவரின் உயரத்தைப் பார்த்து உடம்பு தானே வளைந்துகொள்வது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாமே எழுந்து நிற்பதாகத்தான் தெரியும். அகராதிகளும் அதனால்தான் எட்டையும் ஒரே வரிசையில் நிறுத்துகின்றன போலும்.

கன்னியக்கோயில் நிறுத்தம் வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்ல முடியாத எதையும் ஆங்கிலத்தில் எழுதுவதில்லை.

அன்று மாலை தைலம் தேய்க்கும்போது அமுதமே கேட்டாள்.

"தலைவரப் பத்தி இன்னாடி எழுதியிருக்க?"

"ஒண்ணும் எழுதல. நீ சொல்லு. அவர் மேல உனக்கு மரியாதை இருக்காம்மா?"

"இல்லாம? அந்தப் பெரிய பொயலப்போ உங்க மாமன் வீரப்பனும் கூட ரெண்டு பேரும் கடல்ல மாட்டிக்கினாங்க. போனது போனதுதான்னு ஊரே சொல்லிடுச்சி. இந்த மனுசன்தான் ஒண்டியா படகத் தள்ளிக்கினு போனாரு. மறுநா மதியம் மூணு பேரையும் உசுரோட கொண்டாந்தாரு. அவரு கரையில காலு வெச்சப்போ நான் தானா எழுந்து நின்னேன்டி. எவளும் சொல்லித் தரல."

"இப்பவும்தான் எழுந்து நிக்கிற."

"அது வேற, இது வேற."

"எப்டி வேற?"

அமுதம் குனிந்து முட்டியைப் பார்த்தாள். "அன்னிக்கு எழுந்தப்போ எனக்கு அவரு மட்டும்தான் தெரிஞ்சாரு. இப்ப எழுந்திருக்கறப்போ என் முட்டி மட்டும்தான் தெரியுது."

ஜெயப்பிரியா ஆறு மாதமாகப் படித்த எந்தக் கட்டுரையும் இந்த இரண்டு வரி போன தூரம் போகவில்லை.

"அப்போ ஞாயித்துக்கெழம ஒக்காந்துக்கம்மா."

"தேவி எங்க ஒக்காந்திருக்கான்னு பாத்தியா? நீ மைக்ல பேசிட்டு பஸ் ஏறிப் பூடுவ. மறுநா என் கூடை எங்க இருக்கும்னு நான்தான் பாக்கணும்." காலை மெல்ல இழுத்துக்கொண்டாள். "போய்ப் படி."

ஜெயப்பிரியா தைலப் புட்டியை மூடி வைத்தாள். உட்காருவதா நிற்பதா என்பது அம்மாவின் முடிவு. அதற்கான விலையும் அம்மாவுடையது. ஆனால் எழுதுவது தன் வேலை. அன்றே தாளை எடுத்து ஏழு சொற்களை ஒவ்வொன்றாக அடித்தாள். ரெஸ்பெக்ட் மட்டும் நின்றது.

சனிக்கிழமை அரசு வந்து படித்துப் பார்த்தார். "ஒண்ணுதான் இருக்கு."

"மத்ததை என்னால தமிழ்ல சொல்ல முடியாதுண்ணா."

"தமிழ்ல வுட்டுடு. இங்கிலீஷ்ல போட இன்னா? நம்ம சனத்துல எவனுக்குப் புரியப் போவுது?"

"எனக்குப் புரியும்."

"இன்னா ஜெயா, வெளையாடுறியா? வேற ஆள வெச்சிப் படிச்சிக்கட்டுமா?"

"தாராளமா வெச்சிக்குங்க. எழுதச் சொன்னா நான் எழுதுறது இதான்."

வேறு ஆள் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அரசு தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "அப்பா கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ."

ஞாயிறு காலை புதுக் கூரையின் கீழே மேடை போட்டிருந்தார்கள். விருந்தினர் மூவருக்கும் நடுவில் சம்மந்தம் மாலையோடு அமர்ந்திருந்தார். பின்னால் ஷாரிக்கின் பேனர், ரெஸ்பெக்டடின் ஒன்பது எழுத்துக்கு இடம் விட்டுக் கொஞ்சம் சிறுத்த எழுத்துகளில் தொங்கியது. மேடைக்கு எதிரே கூடைகளும் முப்பது பெண்களும். அவர்கள் நிற்கத் தொடங்கி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அமுதம் இடது காலை மணலில் ஊன்றாமல் வலது காலின்மேல் சாய்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஐஸ் பெட்டி காலியாக இருந்தது.

ஜெயப்பிரியா ஆங்கிலத்தில் படித்து முடித்தாள். விருந்தினர் கைதட்டினார்கள், அவர்களைப் பார்த்து ஊரும் தட்டியது. பிறகு அவள் தாளை மடித்து வைத்துவிட்டுத் தமிழில் பேசினாள்.

"பொயல் அன்னிக்கு மூணு பேரத் தேடி, யாரும் போகாத கடலுக்குத் தலைவர் ஒருத்தரா போனாரு. அவரு திரும்பி வந்தப்போ இந்தக் கரையில இருந்தவங்க தானா எழுந்து நின்னாங்க. இங்கிலீஷ்ல நான் சொன்ன ரெஸ்பெக்ட் அதுதான். அது அவருக்கு எப்பவும் உண்டு. நாங்க நின்னாலும் உண்டு, ஒக்காந்தாலும் உண்டு."

கைதட்டல் எழவில்லை. அரசு தலையைக் குனிந்துகொண்டார். சம்மந்தத்தின் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. மாலையின் நார் ஒன்றை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தார். ஜெயப்பிரியா மைக்கின் கம்பியைப் பிடித்தபடி மேடையிலேயே நின்றாள். அம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் கட்டாயப்படுத்தியது போலாகிவிடும்.

வழக்கப்படி சம்மந்தம் விருந்தினரை அழைத்துக்கொண்டு இறங்கி, முன்வரிசை வழியே மீன்களைக் காட்டியபடி வந்தார். முதல் கூடை. இரண்டாவது. மூன்றாவதில் சங்கரா மீனைத் தூக்கி விருந்தினரிடம் காட்டினார்.

அப்போதுதான் பெண்கள் வரிசையில் ஒரு சலசலப்பு. ஜெயப்பிரியா நிமிர்ந்தாள்.

அமுதம் ஒரு கையால் முட்டியைப் பிடித்து, மறு கையைப் பின்னால் ஊன்றி, ஐஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டிருந்தாள். அவசரமில்லாமல் உட்கார்ந்தாள். புடவையைச் சரிசெய்து, காலை நீட்டினாள். பக்கத்தில் நின்றவள் "அக்கா, எழுந்திரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது மேடைவரை கேட்டது. கடைசி மூலையிலிருந்து தேவி எட்டிப் பார்த்தாள்.

சம்மந்தம் நான்காவது கூடைக்கு முன்னால் வந்து நின்றார். அமுதம் எழவில்லை. இரண்டு கைகளையும் கூப்பி, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, வாய் நிறைய,

"வாங்கண்ணா," என்றாள்.