நடுப் பந்து

ஏப்ரலில் என் தம்பி உலான் சைகலைக் கல்யாணம் கட்டிக்கொண்டான். அதோடு என் டென்னிஸ் இரட்டையர் ஆட்டம் கெட்டது.

சைகல் மூன்று வருடமாக என் ஜோடி. பிஷ்கெக்கில் ஒரே கிளப், ஒரே பயிற்சியாளர். சிம்கென்ட், நமங்கான், துஷான்பே என்று பங்கு டாக்ஸியில் சேர்ந்தே போய், சேர்ந்தே தோற்று, அபூர்வமாகச் சேர்ந்தே ஜெயித்தோம். வலைக்கு முன்னால் அவளைப் போலக் குறுக்கே பாய்கிறவள் இந்தப் பக்கத்தில் இல்லை. "விடு கழுதை, என்னுது!" என்று கத்துவாள். நான் திரும்புவதற்குள் பந்து முடிந்திருக்கும்.

எனக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. ஒற்றையர் ஆட்டம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாதி மைதானம்தான் என் பிழைப்பு. மீதிப் பாதிக்கு சைகல் வேண்டும்.

கல்யாணத்துக்குப் பிறகு நடந்த முதல் பயிற்சியில் பந்து எங்கள் இருவருக்கும் நடுவே விழுந்து, துள்ளி, வேலிக்குப் போனது. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஏன்டி எடுக்கல?"

"நீங்க எடுப்பீங்கன்னு நெனச்சேன், அக்கா."

"அக்காவா? நான் உன்னைவிட நாலு மாசம் சின்னவ."

"முறை அப்படி."

எங்களில் மருமகள் புருஷன் வீட்டு மூத்தவர்களின் பெயரைச் சொல்லமாட்டாள். முந்திக்கொள்ளமாட்டாள். குரலை உயர்த்தமாட்டாள். நகரத்தில் பாதிப் பேர் இதை விட்டுவிட்டார்கள். என் அம்மா நரின் மலைக்காரி, விடவில்லை. சைகலின் அம்மாவும் நரின்காரிதான். மகளுக்கு நன்றாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஜூலை வரை நான்கு போட்டி. நான்கிலும் முதல் சுற்றோடு வெளியே. அம்மா ஒரு நாள் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னாள்.

"பிஷ்கெக் போட்டியில ஒரு ஆட்டமாவது ஜெயிங்க. இல்லன்னா சைகல் வீட்டோட இருக்கட்டும். கல்யாணமான பொண்ணு ஊர் ஊராப் போய்த் தோத்துட்டு வர்றதுல என்ன இருக்கு?"

சைகல் கோப்பையை நிரப்பி இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினாள். எனக்கு அந்தக் கோப்பையைப் பிடுங்கி எறியத் தோன்றியது.

பிஷ்கெக் போட்டிக்கு அம்மாவே வந்துவிட்டாள். இதுவரை ஒரு டென்னிஸ் ஆட்டம் பார்த்ததில்லை. மைதானத்தை ஒட்டிய பெஞ்சில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எதிரில் அல்மாட்டியிலிருந்து வந்த இரண்டு பெண்கள். இங்கர் உயரமானவள், டயானா குட்டை. முதல் செட் எங்களுக்கு. என் சர்வீஸ் அன்று நன்றாக விழுந்தது. இரண்டாவது செட் பாதியில் டயானா தன் ஜோடியிடம் ரஷ்ய மொழியில் சொன்னாள். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

"நடுவுல போடு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு வழிவிட்டுட்டு நிக்குது."

அதன்பிறகு எல்லாப் பந்தும் நடுவில்தான் வந்தது.

இடைவேளையில் நான் உட்காரும்வரை சைகல் நின்றாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"உட்காருடி."

"நீங்க குடிங்க மொதல்ல."

"சைகல், நீ இடது பக்கம் நிக்கிற. உன் வலக்கை நடுவுல இருக்கு. நடுவுக்கு வர்றது எல்லாம் உன்னுது. இது எட்டு வயசுல சொல்லிக்கொடுத்தது."

"சரி அக்கா."

"சரின்னா கத்து. 'என்னுது'ன்னு கத்து."

"உங்க முன்னாடி எப்படி? அத்தை பார்க்குறாங்க."

"அம்மாவுக்கு ஸ்கோரே புரியாதுடி!"

"கத்துனா புரியும்."

இரண்டாவது செட்டின் கடைசி கேம் சமநிலைக்கு வந்தது. இரட்டையரில் அதற்குப் பிறகு ஒரே புள்ளி, அதை எடுப்பவர்களுக்கு கேம். சர்வீஸை யார் வாங்குவது என்று வாங்கும் ஜோடிதான் முடிவு செய்யவேண்டும். சைகல் வாங்கினால் இங்கரின் சர்வீஸ் அவள் வலக்கைக்கு வரும்.

"நீ வாங்கு," என்றேன்.

"நீங்க இருக்கும்போது நான் எப்படி..."

"நான்தான் சொல்றேன்ல!"

"உங்களுக்குத் தோணுறபடி, அக்கா."

"எனக்கு நீ வாங்கணும்னு தோணுது!"

நடுவர் உயர நாற்காலியிலிருந்து குனிந்தார். "பொண்ணுங்களா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். யாரு?"

சைகல் ஏற்கெனவே ஓரமாகப் போய் நின்றிருந்தாள். நானே வாங்கினேன். பந்து வலையில் விழுந்தது. செட் போனது. பெஞ்சில் அம்மா திருப்தியாகத் தலையசைத்தாள். மருமகள் வழிவிட்டது அவள் கண்ணுக்கு நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாவது செட் கிடையாது. முதலில் பத்துப் புள்ளி எடுப்பவர்கள் ஜெயிப்பார்கள். நாங்கள் ஐந்து புள்ளி பின்தங்கினோம். ஐந்தும் நடுவில் போனவை. இரண்டுக்கு நான் பாய்ந்தேன். முழங்கால் விடவில்லை.

எனக்கு அலுத்துவிட்டது. அடுத்த பந்து எழுந்ததும் வெளிக்கோட்டுப் பக்கம் நகர்ந்து நின்றேன். நடுவே ஒரு லாரி போகலாம். பந்து அங்கேதான் வந்தது. சைகல் என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். பந்து போனது.

அடுத்ததற்கும் அப்படியே நின்றேன். பந்து மறுபடி போனது.

"அக்கா," என்றாள் மெதுவாக.

நான் மட்டையின் நரம்புகளைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"அக்கா, கொஞ்சம் உள்ள வாங்க."

"இங்கயே வசதியா இருக்கு."

டயானா சிரித்தாள். அந்தச் சிரிப்பாகத்தான் இருக்கவேண்டும். சைகலின் காது சிவந்தது.

"ஜிபார்! எங்கடி போய் நிக்கிற, கழுதை! ஆடுறியா, இல்ல வேடிக்கை பார்க்க வந்தியா? தோத்தா நான்டி வீட்டுல உக்காரணும், நீயா?"

என் பெயரை ஏப்ரலுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அப்போதுதான் கேட்டேன். பெஞ்சில் குடை கீழே இறங்கியது. சைகல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சர்வீஸ் உன்னுது," என்றேன். உள்ளே வந்து நின்றேன்.

அவள் கோபம் ஆறவில்லை. ஆறிவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். சர்வீஸ் கோட்டின் மேல் விழுந்தது. திரும்பி வந்தது நடுவில். "என்னுது!" என்று அலறிக்கொண்டு என் தோளை இடித்துத் தள்ளிவிட்டு அடித்தாள். அடுத்ததையும் அடித்தாள். என் பக்கம் வந்த ஒன்றையும் பிடுங்கி அடித்தாள். டயானா சிரிப்பதை நிறுத்தினாள். அவர்கள் ஓரங்களில் போட ஆரம்பித்தார்கள், ஓரத்தில் நான் இருந்தேன். பத்துக்கு எட்டு என்று முடிந்தது.

கைகொடுத்துவிட்டுத் திரும்பினோம். சைகல் அழுதுகொண்டிருந்தாள், ஜெயித்ததற்காக அல்ல.

அம்மா வேலிக் கதவருகே நின்றாள்.

"ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சோம்," என்றேன். "ஒரு ஆட்டம் ஜெயிச்சாப் போதும்னு நீதான் சொன்ன."

"சொன்னேன். பேரைச் சொல்லலாம்னு சொல்லல."

"மன்னிச்சுக்கங்க அத்தை," என்றாள் சைகல். "பந்து வேகமா வருது."

"அம்மா, அவ பேரைச் சொன்னதாலதான் ஜெயிச்சோம். உனக்கு என்ன வேணும்? மரியாதையா, ஜெயிக்கிறதா?"

அம்மா என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"உன் பெரியத்தையை நான் முப்பது வருஷம் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. மலையில ஆடு மேய்க்கும்போது ஓநாய் வந்தா என்ன பண்ணுவேன்? வாயை மூடிக்கிட்டா இருப்பேன்? நீளச்சடைன்னு ஒரு பேர் வச்சிருந்தேன். நீளச்சடை, ஓநாய்னு கத்துவேன். மலை முழுக்கக் கேக்கும்." சைகலிடம் திரும்பினாள். "மருமகளுக்குப் பேர் வைக்கிற உரிமை உண்டு. உங்கம்மா இதைச் சொல்லித்தரலையா?"

நான் மட்டையைக் கீழே போட்டேன். "இதை ஏப்ரல்லயே சொல்லக்கூடாதா?"

"நீ கேட்டியா?"

சைகல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கோபக்காரி," என்றாள்.

"முடியாது," என்றேன்.

"பொருத்தமா இருக்கு," என்றாள் அம்மா. "கத்துறதுக்கு வசதியாவும் இருக்கு."

சைகல் இரண்டு பைகளையும் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அறிவிப்புப் பலகையை நோக்கி நடந்தாள். பாதி வழியில் நின்று, மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"கோபக்காரி! நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஆட்டம். சீக்கிரம் வாங்க!"