பாவு நீட்டும் தெருவில் ஒரு கதவு

ஆரணியில் நான் நர்ஸாக வேலை பார்த்த தரும ஆஸ்பத்திரியைக் கட்டியவர் மாணிக்கவேல் என்ற பட்டு வியாபாரி. நல்ல மனிதர். ஆனால் அவருக்குக் கட்டத் தெரிந்தது பட்டுக் கிடங்கு ஒன்றுதான். கிடங்குக்கு ஒரே வாசல்தான் இருக்க வேண்டும். உள்ளே போகிறவனும் வெளியே வருகிறவனும் காவல்காரன் கண்ணில் பட்டுத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் சரக்கு களவு போய்விடும். அதே கணக்கில் ஆஸ்பத்திரிக்கும் ஒரே வாசல் வைத்து, பின்பக்கம் முழுக்கச் சுவர் எழுப்பிவிட்டார். நோயாளியை யார் திருடிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று அவரைக் கேட்க அப்போது ஆளில்லை போலிருக்கிறது.

வாசலிலிருந்து உள்ளே போக ஒரே நடை. நடையின் முதல் அறை பிரசவ வார்டு. வலியோடு வருகிறவள் அதிக தூரம் நடக்கக் கூடாது என்று யோசித்து அங்கே வைத்தார்கள், அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆண்கள் வார்டு கடைசியில். அங்கே யாராவது இறந்துபோனால் சவம் நடை முழுவதையும் கடந்து, பிரசவ வார்டின் ஜன்னல்களை ஒட்டி, அழுகிற சொந்தக்காரர்களோடு வெளியே போகும். நிறைமாதக்காரிகள் எல்லாம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். பொழுது சாய்வதற்குள் பாதி வார்டு காலியாகிவிடும். "பொணம் தாண்டிப் போன எடத்துல புள்ளத்தாச்சிய எப்படிங்க படுக்க வெக்கிறது?" என்பார்கள். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறும். ஒருமுறை ஒரு மாமியாரிடம், "உங்க வூட்ல யாருமே செத்ததில்லையா?" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை வாயார வாழ்த்திவிட்டு மருமகளை இழுத்துக்கொண்டு போனாள். என்ன வாழ்த்து என்பதை இங்கே எழுத முடியாது.

டாக்டர் கமலம் வேலைக்கு வந்தது 1978-ல். அவர் ஜனங்களைத் திட்டவில்லை, சுவரைத் திட்டினார். "பயந்துகிட்டே படுத்திருந்தா பிரஷர் ஏறும், ரேணுகா. ஒரு பக்கம் மாத்திரை குடுக்கறோம், இன்னொரு பக்கம் ஜன்னல் வழியா பயத்தைக் குடுக்கறோம். என்ன வைத்தியம் இது?" என்றார். முதலில் ஜன்னல்களுக்குத் திரை போட்டுப் பார்த்தோம். அது இன்னும் மோசமாகப் போனது. திரையை இழுத்தாலே யாரோ போய்விட்டார்கள் என்று தெரிந்துவிடும். காற்றுக்காகத் திரையைச் சரிசெய்தாலும் அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்புறம் டாக்டரம்மா மாணிக்கவேலிடம் போய் உட்கார்ந்துகொண்டார். எழுந்து வரும்போது பின்சுவரை உடைக்கச் சம்மதம் வாங்கிவிட்டிருந்தார். ஆண்கள் வார்டை அடுத்து அகலமான கதவு, ஸ்ட்ரெச்சர் உருளச் சாய்தளம், கதவுக்கு உள்பக்கம் நாலு சுவருக்குள் ஒரு சின்ன அறை. அழுகிறவர்கள் உட்கார அதில் ஒரு சிமெண்டு பெஞ்சு, முகம் கழுவ ஒரு குழாய். செத்தவனின் பெண்டாட்டி எங்கே உட்கார்ந்து அழுவாள் என்று அதுவரை அங்கே யாருமே யோசித்ததில்லை. நானும் யோசித்ததில்லை. கதவைப் பார்த்து எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

கதவைத் திறந்தால் நெசவாளர் தெரு. அங்கேதான் வந்தது வம்பு.

காலையில் அந்தத் தெருவில் பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை பார்த்து, வெயிலில் காய வைப்பார்கள். நீட்டிய பாவை யாரும் தாண்ட மாட்டார்கள். நாயைக்கூட விரட்டிவிடுவார்கள். நெய்வதெல்லாம் முகூர்த்தப் புடவை. கதவு திறந்த அன்றே தெருவே திரண்டு வந்தது. முன்னால் நின்று பேசியவன் ஜெயவேல். முப்பது வயசு இருக்கும், மரியாதையான பையன்தான்.

"டாக்டரம்மா, நாங்க நெய்யறது கூறைப்பொடவைங்க. பாவு நீட்டிகினு இருக்கிற தெருவுல பொணம் போவுதுன்னு கடைத்தெருவுக்குத் தெரிஞ்சா ஒருத்தன் சரக்கு எடுக்க மாட்டான். எங்க பொழப்பு இன்னா ஆவறது?"

"பாவு சுருட்டின பிறகு மத்தியானத்துல கொண்டு போறோம்ப்பா."

"சாவு உங்க கடியாரம் பாத்துகினு வருமாங்க?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்குத்தான் அன்றைக்கு அதைக் காது கொடுத்துக் கேட்கப் பொறுமையில்லை. மாணிக்கவேல் அந்தத் தெருவில் புடவை வாங்குகிறவர். "எனக்கு இந்தப் பேஜார் வோணாம்" என்று கதவுக்குத் தெருப்பக்கம் ஒரு பூட்டைப் போட்டு, சாவியைத் தெருக்காரர்களிடமே கொடுத்துவிட்டார். தெரு அதை ஜெயவேலிடம் கொடுத்தது. அவன் அதை அரைஞாணில் கட்டிக்கொண்டான். சவங்கள் மறுபடி முன்வாசலுக்கே வந்தன.

அடுத்த வருஷம் ஆடி மாதத்தில் அதே ஜெயவேல் தன் மனைவி சாவித்திரியைக் கூட்டிக்கொண்டு வந்தான். எட்டாம் மாதம் முடிந்திருந்தது. காலும் முகமும் வீங்கி, பிரஷர் எகிறியிருந்தது. முந்தின பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. பிரசவம் வரைக்கும் வார்டிலேயே படுக்கவேண்டும், வீட்டுக்குப் போனால் ஜன்னி வந்து தாயும் பிள்ளையும் போய்விடும் என்று டாக்டரம்மா பளிச்சென்று சொல்லிவிட்டார். சாவித்திரி சரி என்றாள். மாமியார் முனியம்மாள் மட்டும் நடையின் அந்தக் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் முள்ளிப்பட்டுக் காத்தாயி. அவளுக்கும் அதே நோய், அதே மாதம். பெரிய வாய்க்காரி. உப்பில்லாத கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தால், "பாவுக்குத் தெளிக்கிற கஞ்சி இதுக்குத் தேவலை சிஸ்டர். எங்க வூட்ல தறிக்குக்கூட இத ஊத்த மாட்டோம்" என்பாள். சாவித்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவள் சிரிக்கச் சிரிக்க பிரஷர் இறங்கிக்கொண்டு வந்தது. நான் ரெண்டு பேரையும் சத்தம் போடாதீங்க என்று அதட்டுவேன், போட்டால் நல்லது என்றும் நினைத்துக்கொள்வேன்.

பிறகு ஒரு நாள் ஆண்கள் வார்டில் ஒரு கிழவர் இறந்துபோனார். வழக்கம்போல அந்த ஜன்னல்களை ஒட்டித்தான் கொண்டுபோனார்கள். கிழவரின் மகள்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதபடி போனார்கள். காத்தாயி அன்று வாயைத் திறக்கவே இல்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வயிற்றை ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலம் அவள் புருஷன் குப்புராஜ் மாட்டுவண்டியோடு வந்துவிட்டான். டாக்டரம்மா கெஞ்சாத குறைதான். "மனசு ஒப்பலைங்கம்மா" என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். காத்தாயி போகும்போது சாவித்திரியின் கையைப் பிடித்து, "புள்ளயோட வந்து உன்னப் பாக்கறேன்" என்றாள்.

முனியம்மாளும் மூட்டை கட்டிவிட்டாள். டாக்டரம்மா ஜெயவேலைக் கூப்பிட்டு, சாவித்திரியின் கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தச் சொன்னார். அழுத்தினான். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"இந்த ஒரு வாட்டி இவ இங்கயே இருக்கட்டும்மா" என்றான் தாயிடம்.

"இன்னொரு பொணம் இவளத் தாண்டிப் போவட்டும், அப்புறம் ஒரு நிமிசம் இங்க வெக்க மாட்டேன். நீ தடுத்தினா நான் கெணத்துல உழுவேன், ஆமா."

ஜெயவேல் சரி என்று தலையை ஆட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாவி உன் இடுப்புலதானே தொங்குது? கதவத் தொறந்து உட்டா ஒரு பொணமும் இவளத் தாண்டாதே."

"தெருச் சாவி சிஸ்டர். என் சாவி இல்லைங்க."

டாக்டரம்மா சாவித்திரியின் கட்டிலை நடைக்கு முதுகு காட்டும்படி ஜன்னலிலிருந்து தள்ளித் திருப்பிப் போடச் சொன்னார். அன்றைக்கு எங்களால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அந்த வாரம் போவதற்குள் காத்தாயி திரும்பி வந்தாள். விடிந்ததும் வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். வழியிலேயே ஜன்னி கண்டு, பல்லைக் கடித்து நாக்கு கிழிந்திருந்தது. சாவித்திரி நல்லவேளையாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். நேராக உள்ளே ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா கையில் இருந்த மருந்தையெல்லாம் போட்டுப் பார்த்தார். பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் தாயும் போய்விட்டாள். நான் எத்தனையோ சாவைப் பார்த்தவள். அன்றைக்குக் கையுறையைக் கழற்றாமல் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன்.

குப்புராஜைப் பின்கதவு அறையின் பெஞ்சில் உட்கார வைத்தோம். அவன் அழுதது முன்பக்கம் கேட்கவில்லை. ஆனால் சவத்தை எடுத்துப் போகவேண்டும். முன்பக்கமாகப் போனால் முனியம்மாள் மருமகளைக் கூட்டிப் போய்விடுவாள். அவள் கூட்டிப் போகாவிட்டாலும் போகிறது காத்தாயி என்று சாவித்திரிக்குத் தெரிந்தால் அது ஒன்றே போதும். நான் முன்வாசல் வழியாக வெளியே போய், சுற்றிக்கொண்டு நெசவாளர் தெருவுக்கு ஓடினேன்.

தெருவில் பாவு நீட்டியிருந்தது. ஜெயவேலின் பாவு. அரக்குச் சிவப்பு. ஆவணி முகூர்த்தத்துக்கு யாரோ முன்பணம் கொடுத்திருந்த புடவை. கதவுக்கு நேர் எதிரே குறுக்காகப் போனது. கஞ்சி இன்னும் ஈரம் காயவில்லை. ஜெயவேல் குனிந்து இழை பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாவியைக் குடு" என்றேன்.

"சிஸ்டர், பாவு கீது. இப்ப எப்படிங்க? ஈரத்துல சுருட்டினா மொத்தமும் போயிடும். மத்தியானம் வரைக்கும்…"

"மத்தியானம் வரைக்கும் சாவித்திரிக்குத் தெரியாம எப்படி வெச்சிருக்கிறது? உங்கம்மா இப்ப சாப்பாடு எடுத்துகினு வந்துடுவாங்க."

"யாருங்க போனது?"

"காத்தாயி. உம் பொண்டாட்டி பக்கத்துக் கட்டில்."

அவன் நிமிரவே இல்லை. அவளை அவனுக்குத் தெரியும். அவன் கொண்டுவந்த கேழ்வரகுக் கூழைச் சாவித்திரிக்குத் தெரியாமல் வாங்கிக் குடித்தவள். அவன் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு வரவில்லை. கயிற்றையே பிய்த்து எடுத்தான்.

எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர், "டேய், இன்னா பண்றே? பாவுக்கு அடியில பொணமா?" என்று கத்தினார்.

"பாவு என்னுதுங்க" என்றான் ஜெயவேல்.

கதவைத் திறந்தான். பிறகு பாவின் அடியில் குனிந்து போய், ரெண்டு கையையும் அகல விரித்து, நூல் மொத்தத்தையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். ஒரு ஆளால் தாங்காது. பக்கத்தில் இழை பார்த்துக்கொண்டிருந்த ரெண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு வந்து கை கொடுத்தார்கள். கத்திய பெரியவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குப்புராஜும் அவன் ஆட்களும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு அந்தச் சிவப்பு நூலுக்கு அடியில் குனிந்து போனார்கள். போர்த்திய துணிக்கு அடியில் காத்தாயியின் வயிறு மேடாக அப்படியே தெரிந்தது. ஜெயவேல் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டேதான் நின்றான்.

முனியம்மாள் சாப்பாட்டுத் தூக்கோடு முன்வாசலில் வந்தபோது நடையில் ஒருவரும் இல்லை. சாவித்திரி தூக்கம் கலைந்து, பசிக்கிறது என்றாள்.

அந்தக் கதவில் பிறகு பூட்டு போடவில்லை. தெருவில் ஜெயவேலிடம் ஒரு மாதம் வரைக்கும் பலபேர் பேசவில்லை. அந்தப் புடவையைக் கேட்டவர்கள் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவன் யாரிடமும் அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

சாவித்திரிக்குச் சீக்கிரமே வலி எடுத்தது. டாக்டரம்மா பக்கத்திலேயே இருந்தார். பெண் குழந்தை. எடை குறைவுதான், ஆனால் நன்றாகக் கத்தியது. தாய்க்குப் பிரஷரும் இறங்கியது. மறுநாள் ஜெயவேல் பிளாஸ்கில் பால் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் நின்றான். நான் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். சாவித்திரியின் முகத்தில் வீக்கம் வடிந்து, அவள் எவ்வளவு சின்னப் பெண் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"சிஸ்டர், ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். "முள்ளிப்பட்டுக்கு ஆள் அனுப்பி காத்தாயி அக்காவை வரச் சொல்லுங்க. அவங்களுக்கும் இதே மாசம்தானே. இப்பதான் இந்தப் பக்கம் எதுவும் வர்றதில்லையே. அந்தப் பயம் இல்லைன்னு சொன்னா வந்துடுவாங்க."

எனக்குக் கை நின்றுவிட்டது. குழந்தையைக் குனிந்து பார்த்தபடியே இருந்தேன். இப்போது சொன்னால் இவளுக்கு ஆகாது என்பது மட்டும் தெரிந்தது.

சாவித்திரி புருஷன் பக்கம் திரும்பினாள்.

"சிஸ்டருக்கு எங்க நேரம். நீதான் சைக்கிள்ல ஒரு எட்டு போய்ட்டு வாயேன் மாமா. எம் பக்கத்துக் கட்டில் காலியாதான் கீதுன்னு சொல்லு. கதவு தொறந்துட்டாங்கன்னு சொல்லு. போறியா?"

ஜெயவேல் பிளாஸ்கைக் கீழே வைத்தான். என்னைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை.

"போறேன்" என்றான்.

வெளியே போய் சைக்கிளை எடுத்தான். முள்ளிப்பட்டுப் பக்கமாகவேதான் போனான். நான் தடுக்கவில்லை.