இடது கழுத்தில் ஓர் ஆக்கிரமிப்பு

நகராட்சியில் ஆக்கிரமிப்பு அகற்றும் பிரிவின் மேற்பார்வையாளர் நெல்லையப்பனுடைய இடது கழுத்து ரத்தக்குழாயில் ஒரு டீக்கடை இருந்தது.

விஷயம் தெரியவந்தது காப்பியால்தான். காலையில் காப்பி கேட்க மனைவி கோமுவை "ஏட்டி" என்று கூப்பிடப் போனார். வாய் திறந்தது, சொல் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேச்சு திரும்பியது. கோமு அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாப்ளர் ஸ்கேன் எடுக்கும் ஜெயசீலி, கழுத்தில் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தாள். ஸ்பீக்கரில் ஒரே இரைச்சல்.

"இந்த எடத்துல மட்டும் ரத்தம் விழுந்தடிச்சு ஓடுது சார். சந்து குறுகினாதான் இந்த வேகம் வரும். முக்கால்வாசி அடைச்சிட்டான். இன்னும் ஒரு தட்டி எறக்கினான்னா உங்க பேச்சே போயிரும்."

"முதல்ல ஒரு பெஞ்சுதான் சார் போட்டேன்," என்றார் கடைக்காரர், ஸ்பீக்கர் வழியாக.

இந்த வசனத்தை நெல்லையப்பன் ஊரெல்லாம் கேட்டவர். ஊர்க் கடையெல்லாம் இடித்தவர், சொந்தக் கழுத்தைக் கோட்டைவிட்டுவிட்டார். முறைப்படி, காலி செய்ய ஒரு வாரம் தவணை கொடுத்தார். ஒரு வாரம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

ஆபரேஷனுக்கு முன் மறுபடி ஸ்கேன் பார்த்தார்கள். கடை வாசலில் பிள்ளையார் எழுந்தருளியிருந்தார். சர்ஜன் தலையில் குட்டிக்கொண்டார்.

"நான் கை வைக்க மாட்டேன். நீங்க எங்கயாவது பிள்ளையார் மேல கை வச்சிருக்கீங்களா?"

இல்லைதான். பிள்ளையாரைக் கண்ட இடத்திலெல்லாம் நெல்லையப்பன் ரோட்டைத்தான் வளைத்திருக்கிறார். இப்போது பயத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இனி கோமுவைக் கூப்பிடவே முடியாதோ?

"பாலாலயம் பண்ணுவோம். சாமிய கும்பத்துல எறக்கி வேற எடத்துல வைக்கலாம்லா?" என்றாள் கோமு.

"எடம்?" என்றார் சர்ஜன்.

"என் வலது முழங்கால் தேஞ்சு போச்சு டாக்டர். எடம் சும்மாதான் கெடக்கு."

குருக்கள் வந்து பாலாலயம் செய்தார். சர்ஜன் கடையை அகற்றினார். ரத்தம் பதறாமல் போனது.

மயக்கம் தெளிந்ததும் நெல்லையப்பன் "ஏட்டி" என்றார். சத்தமாகவே வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கோமு எழுந்தாள். முழங்காலில் மணி அடித்தது. அவர் படுத்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவள் முழங்காலிலிருந்து சூடாக ஒரு கொழுக்கட்டை எடுத்துக் கொடுத்தாள்.